ஏப்ரலில் ஆக்ஸ்ஃபோர்டு கால்வாய்: பெற்றோரோடு நாரோபோட்டில் நாலு நாள் போகலாமா?

"ஏப்ரல் கடைசியில் இங்கிலாந்து வருகிறோம். அப்பாவுக்கு 68, அம்மாவுக்கு 63, மகளுக்கு 9, கூட நாங்கள் இருவர். நாரோபோட் என்கிற ஒல்லியான கால்வாய்ப் படகை வாடகைக்கு எடுத்து ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து நேப்டன் வரை கால்வாயில் போய்வர நாலு நாள் போதுமா? ஆலப்புழை படகுவீடு மாதிரி இருக்குமா? ஓட்ட லைசென்ஸ் வேண்டுமா? குளிரை எப்படிச் சமாளிப்பது?" இதுதான் நீங்கள் கேட்டது.

கட்டாயம் போங்கள். ஆனால் நேப்டன் வரை போகாதீர்கள். ஆலப்புழையையும் மறந்துவிட்டு வாருங்கள். அங்கே ஓட்ட ஒருவர், சமைக்க ஒருவர் இருப்பார்கள். நாம் சாய்ந்து உட்கார்ந்திருந்தால் கரிமீன் பொரித்துத் தட்டில் வரும். இங்கே படகை ஓட்டுவது, கரையில் கட்டுவது, தண்ணீர் பிடிப்பது, லாக் என்கிற, படகை ஏற்றி இறக்கும் தண்ணீர் அறையைத் திறந்து மூடுவது எல்லாம் உங்கள் வேலை. அந்த வேலைதான் இந்தப் பயணத்தின் சுகமே. பதினோரு வருடமாக இந்தப் பக்கத்தில் குடியிருக்கிறேன். ஒவ்வொரு வசந்தத்திலும் ஒரு தடவையாவது இந்தக் கால்வாயில் போகிறேன். போட்டு வைத்திருக்கும் தூரத்தை முதலில் குறையுங்கள், பாதிக்கும் கீழே குறையுங்கள் என்பதுதான் யார் கேட்டாலும் நான் சொல்வது.

கணக்கு இதுதான். கால்வாயில் வேக வரம்பு மணிக்கு 4 மைல். நடைமுறையில் 3 மைல் தாண்டாது. கரையில் கட்டியிருக்கும் படகுகளைக் கடக்கும்போது எஞ்சினை முழுக்கத் தணித்து ஊர்ந்துதான் போக வேண்டும். படகுக்காரர்கள் ஒரு மைலையும் ஒரு லாக்கையும் சமமாக எண்ணுவார்கள். இரண்டையும் கூட்டி மூன்றால் வகுத்தால் எத்தனை மணி நேரம் என்று வந்துவிடும். ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து நேப்டன் ஏறக்குறைய 50 மைல், லாக் 40க்குக் கொஞ்சம் குறைவு. போக மட்டும் 30 மணி நேரம். எடுத்த இடத்திலேயே படகைத் திருப்பித் தர வேண்டும் என்பதால் வருவதற்கு இன்னொரு 30. வாடகைப் படகை இருட்டிய பின் ஓட்டக் கூடாது. திங்கள் மதியம் எடுத்து வெள்ளி காலை திருப்பித் தரும் பயணத்தில் 60 மணி நேரம் எங்கிருந்து வரும்?

லோயர் ஹேஃபோர்டிலிருந்து கிளம்புங்கள். ஆக்ஸ்ஃபோர்டுக்கும் பான்பரிக்கும் நடுவில் இருக்கிற சின்ன ஊர். ரயில் நிலையமும் படகுத்துறையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. பெட்டியை இழுத்துக்கொண்டு பிளாட்ஃபாரத்தை விட்டு இறங்கினால் படகு. லண்டன் பாடிங்டனில் ஏறி ஆக்ஸ்ஃபோர்டில் மாறினால் போதும். அங்கிருந்து வடக்கே ஆய்னோ வரை போய்த் திரும்புங்கள். ஒரு பக்கம் சுமார் 6 மைல், நாலு லாக். மூன்று மணி நேரச் சொச்சம்தான் ஆகும். அதை இரண்டு நாளில் போய் இரண்டு நாளில் வாருங்கள். இவ்வளவு குறைவா என்று இப்போது தோன்றும். மூன்றாம் நாள் தோன்றாது.

இந்தப் படகு ஏன் இவ்வளவு ஒல்லி என்று மகள் கேட்பாள். அகலம் 2.1 மீட்டர்கூட இல்லை, 6 அடி 10 அங்குலம். நீளம் மட்டும் 70 அடி வரை போகும். உங்கள் ஐந்து பேருக்கு 55 அடிக்கு மேல் கேளுங்கள். காரணம் ஜேம்ஸ் பிரிண்ட்லி என்கிற பொறியாளர். 1760களில் இங்கிலாந்தின் நடுப்பகுதிக் கால்வாய்களுக்குத் திட்டம் போட்டவர் அவர். லாக்கை 7 அடி அகலமாகக் கட்டினால் கல்லும் மிச்சம், தண்ணீரும் மிச்சம் என்று முடிவு செய்தார். படகுகள் அந்த அளவுக்குத் தங்களைச் சுருக்கிக்கொண்டன. ஆக்ஸ்ஃபோர்டு கால்வாயும் அவர் வகுத்ததுதான். 1769இல் சட்டம் நிறைவேறியது. 1772இல் அவர் இறந்துவிட, மற்றவர்கள் தொடர்ந்தார்கள். 1790 ஜனவரி 1ஆம் தேதி ஆக்ஸ்ஃபோர்டுக்குப் படகு வந்து சேர்ந்தது. வார்விக்ஷயர் சுரங்கத்து நிலக்கரியை ஊருக்குள் கொண்டுவரத்தான் இவ்வளவு பாடும்.

மேட்டை வெட்டாமல், பள்ளத்தை மேடாக்காமல், நிலம் போகிற போக்கிலேயே வளைத்து வளைத்துக் கொண்டுபோவது பிரிண்ட்லியின் வழி. நம் ஊரில் ஏரிக் கால்வாயை மட்டம் பார்த்து இழுத்துக்கொண்டு போவார்களே, அதே மாதிரி. வடக்குப் பகுதியை 1830 வாக்கில் நேராக்கி 14 மைல் குறைத்துவிட்டார்கள். தெற்குப் பகுதி அந்தப் பழைய வளைவுகளோடு அப்படியே இருக்கிறது. அதனால்தான் வேறு கால்வாயைச் சொல்லாமல் இதைச் சொல்கிறேன்.

இனி லாக். தண்ணீர் நிரப்பிப் படகை மேலே ஏற்றும், வடித்துக் கீழே இறக்கும் அறை என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னும் பின்னும் மரக்கதவு. கதவோரத்தில் பல்சக்கரம் பூட்டிய சின்ன மதகு, அதற்குப் பெயர் பேடில். விண்ட்லஸ் என்கிற வளைந்த இரும்புக் கைப்பிடியை மாட்டிச் சுற்றினால் பேடில் தூக்கும், தண்ணீர் பாயும். இரண்டு பக்கமும் மட்டம் ஒன்றானதும் கதவைத் தள்ளித் திறக்கலாம். ஒரு இம்மி வித்தியாசம் இருந்தாலும் கதவு அசையாது. மோட்டார் கிடையாது, மின்சாரம் கிடையாது. 230 வருடமாக மனிதக் கையும் முதுகும்தான்.

ஹேஃபோர்டிலிருந்து மூன்றாவதாக வருவது சோமர்டன் டீப் லாக். இந்தக் கால்வாயிலேயே நான் அதிக நேரம் நின்றிருக்கும் இடம் இது. ஏற்றம் 12 அடி. ஒல்லிக் கால்வாய் லாக்குகளில் இவ்வளவு ஆழமானவை சிலதான். நீங்கள் போகும்போது கீழே இருந்து நுழைவீர்கள். கீழ்க்கதவு இரட்டைக் கதவாக இல்லாமல் ஒரே பெரிய கதவு. அதன் நீண்ட உத்தரத்தில் முதுகைக் கொடுத்து, காலைத் தரையில் ஊன்றி, மெதுவாகப் பின்னால் நடந்தால்தான் நகரும். அவசரப்பட்டு உந்தினால் நகராது. படகு உள்ளே போனதும் வெளிச்சம் குறைந்துவிடும். இரண்டு பக்கமும் கைக்கெட்டும் தூரத்தில் ஈரச்சுவர். கல் இடுக்கில் பாசியும் குட்டிப் பெரணிகளும் இருக்கும். கதவின் கசிவு நூல் நூலாக இறங்கும். மேலே நீளமாக ஒரு துண்டு வானம் மட்டும் தெரியும். கரையில் நிற்பவர் பேடிலைப் பாதி தூக்கியதும் அடியில் தண்ணீர் குமுறும், படகு முன்னால் இழுக்கும். அப்போது முழுதாகத் தூக்காதீர்கள். பாதியில் நிறுத்தி, படகு ஓய்ந்த பிறகு மீதியைத் தூக்குங்கள். பத்து நிமிடத்தில் சுவர் கீழே போய், புல் வந்து, பழைய லாக் வீடு வந்து, செர்வெல் ஆற்றுச் சமவெளி முழுக்கக் கண்ணுக்கு முன்னால் விரியும். என் அம்மா முதல் தடவை அந்த இடத்தில் பேசாமல் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்தது ஆய்னோ வெயர் லாக். இதைப் பார்த்தால் யாராயிருந்தாலும் குழம்புவார்கள். மற்ற லாக்கெல்லாம் ஒல்லியாக இருக்க, இது மட்டும் சாய்சதுரம் மாதிரி நடுவில் அகன்று கிடக்கும். ஏற்றமோ ஓர் அடி அளவுக்குத்தான். காரணம் கீழே இருக்கும் சோமர்டன். அங்கே ஒரு படகு இறங்கினால் 12 அடி ஆழத் தண்ணீர் வடிகிறது, ஒன்றரை லட்சம் லிட்டருக்கு மேல். இந்த லாக்கும் 7 அடி அகலமாக இருந்தால், ஓர் அடி இறக்கத்தில் ஒரு படகோடு மிகக் கொஞ்சம் தண்ணீர்தான் கீழே போகும். இரண்டுக்கும் நடுவில் உள்ள கால்வாய் நாளடைவில் வற்றிவிடும். ஆழத்தில் கிடைக்காத தண்ணீரை அகலத்தில் எடுத்துக்கொண்டார்கள். இதைக் கட்டியவர்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மரியாதை கூடுகிறது. அந்த லாக்குக்கு மேலே செர்வெல் ஆறு கால்வாயைக் குறுக்கே கடக்கிறது. பாலம் கிடையாது, இரண்டும் ஒரே மட்டம். ஒரு பக்கம் ஆறு நுழைந்து மறுபக்கம் வெளியேறும். மழைக்குப் பிறகு அந்த இடத்தில் இழுப்பு இருக்கும். ஆற்று மட்டத்தைக் காட்ட நிறம் பூசிய பலகை வைத்திருக்கிறார்கள். பச்சை என்றால் போகலாம். சிவப்பு என்றால் கட்டிப் போட்டுவிட்டுக் காத்திருங்கள், விவாதமே வேண்டாம். ஏப்ரலில் இப்படி ஒரு நாள் நிற்க நேரலாம். தூரத்தைக் குறைக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். கையில் நாள் இருந்தால் நிற்பது கஷ்டமாகத் தெரியாது. படகைத் திருப்பும் இடத்தை முதல் நாளே வரைபடத்தில் பார்த்து வையுங்கள். கால்வாயின் அகலத்தைவிடப் படகின் நீளம் அதிகம், நினைத்த இடத்தில் திருப்ப முடியாது. அதற்கென்று கரையை அகலப்படுத்திய இடங்கள் உண்டு. விண்டிங் ஹோல் என்பார்கள்.

லைசென்ஸ் தேவையில்லை. கார் ஓட்டத் தெரியாதவரும் ஓட்டலாம். படகு கொடுக்கும்போது ஒருவர் சொல்லிக் கொடுப்பார். புரியும் வரை அவரை விடாதீர்கள். பின்பக்கம் நின்று டில்லர் என்கிற நீண்ட சுக்கான் கையைப் பிடித்து ஓட்ட வேண்டும். படகு இடப்பக்கம் போக டில்லரை வலப்பக்கம் தள்ள வேண்டும். படகு மூக்கால் திரும்பாது, நடுவயிற்றை அச்சாக வைத்துத் திரும்பும். அதனால் வளைவில் வால் எதிர்க்கரைக்கு வீசும். எஞ்சின் தள்ளினால்தான் சுக்கான் கேட்கும், பின்னால் ஓட்டும்போது கேட்கவே கேட்காது. எதிரில் படகு வந்தால் வலப்பக்கம் ஒதுங்குங்கள், நம் ஊருக்கு நேர்மாறு. அரை நாளில் கைக்கு வந்துவிடும். அப்பாவிடம் டில்லரைக் கொடுங்கள். நின்றபடி, கண்ணை முன்னால் வைத்து, மெதுவாகச் செய்கிற வேலை, பெரியவர்களுக்கு நன்றாகவே வருகிறது. ஆனால் முழங்கால் வலி இருந்தால் முதலிலேயே சொல்லி வையுங்கள். பின்பக்கப் படி செங்குத்தாக இருக்கும். கரைக்கும் படகுக்கும் நடுவில் எட்டி வைக்கும் அடி அம்மாவுக்குச் சிரமமாக இருக்கலாம். அவர்கள் முன்பக்கத் திறந்த இருக்கையில் உட்காரட்டும். எஞ்சின் சத்தம் அங்கே வராது, தண்ணீரைப் படகு பிளக்கிற ஒலி மட்டும் கேட்கும்.

பாதுகாப்பில் மூன்று விஷயம் சொல்லியே ஆக வேண்டும். திரும்பி வரும்போது லாக்கில் இறங்குவீர்கள். மேல்கதவுக்கு அடியில் சில் என்கிற கல் திட்டு நீட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் வடியும்போது படகின் வால் அதன் மேல் உட்கார்ந்துவிட்டால் மூக்கு கீழே போய் மூழ்கிவிடும். சுவரில் வெள்ளைக் கோடு போட்டிருப்பார்கள், படகின் வால் அதற்கு முன்னாலேயே இருக்க வேண்டும். ஒருவர் பேடிலை விட்டு நகராமல் படகையே பார்த்துக்கொண்டிருக்கட்டும். சந்தேகம் வந்தால் உடனே பேடிலை இறக்குங்கள். இரண்டாவது, படகு எதிலாவது மோதப் போனால் கையையோ காலையோ நீட்டாதீர்கள். பத்துப் பதினைந்து டன் எடை அது. மோதட்டும், இரும்புதான். மூன்றாவது, மகளுக்கு உயிர்காப்பு ஜாக்கெட் வெளியே இருக்கிற நேரமெல்லாம் உடம்பில் இருக்க வேண்டும். முன்பதிவின்போதே அளவு சொல்லிக் கேளுங்கள். கால்வாயில் பெரும்பாலும் பெரியவர்களின் இடுப்பளவு தண்ணீர்தான், ஆனால் லாக்கும் ஆறும் அப்படி இல்லை.

ஏப்ரல் கடைசி என்று நீங்கள் தேர்ந்தெடுத்தது நல்ல முடிவு. குளிர்காலத்தில் லாக்குகளை மூடிப் பழுது பார்ப்பார்கள், ஈஸ்டருக்குள் பெரும்பாலும் திறந்துவிடும். மழையில்லாத கோடையில் நீர்த்தேக்கங்கள் இறங்கி, லாக்குகளைக் கட்டுப்பாட்டு நேரத்தில் மட்டும் திறக்கும் நிலை வரும். நடுவில் கிடைக்கும் இந்த வாரங்களில் தண்ணீர் இருக்கும், கூட்டம் இருக்காது. பள்ளி விடுமுறையும் முடிந்திருக்கும் என்பதால் வாடகையும் குறையும். மே முதல் திங்கள் விடுமுறையை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

இரவு எட்டு மணி வரை வெளிச்சம் இருக்கும். கரை வேலியில் ஹாதார்ன் என்கிற முள்செடி இலை விட்டு, மே பிறந்ததும் வெள்ளையாகப் பூக்கும். பூவையே 'மே' என்றுதான் இந்த ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். எண்ணெய்க்காகப் பயிரிடும் கடுகு இனம் மேட்டு வயல்களில் கண் கூசும் மஞ்சளாக நிற்கும். மேய்ச்சல் நிலத்தில் பிறந்து சில வாரமே ஆன ஆட்டுக்குட்டிகள் எஞ்சின் ஒலி கேட்டு ஓடி வந்து, கரையில் வரிசையாக நின்று பார்க்கும். ஆப்பிரிக்காவிலிருந்து தகைவிலான்கள் திரும்பி வந்து, பாலத்துக்கு அடியில் நுழைந்து நுழைந்து பறக்கும். மீன்கொத்தியைப் பார்க்க முன்பக்க இருக்கைதான் சரி. நீலமாக ஒரு கோடு கிழித்த மாதிரி போகும், அவ்வளவுதான்.

நாமக்கோழியும் தாழைக்கோழியும் கூடு கட்டி முட்டையிடும் காலமும் இதுதான். தண்ணீர் மட்டத்துக்கு ஒரு சாண் மேலே, நாணல் ஓரத்தில் சுள்ளியைக் குவித்து வைத்திருக்கும். என் முதல் வருடத்தில், பொழுது சாய்வதற்குள் ஊர் சேர வேண்டும் என்று நான் எஞ்சினைக் கூட்டி ஓட்டினேன். திரும்பிப் பார்த்தால் படகு எழுப்பிய அலை ஒரு நாமக்கோழிக் கூட்டை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. சுள்ளிக்கு நடுவில் ஒரு நீல சிப்ஸ் பாக்கெட்டையும் செருகி வைத்திருந்தது அந்தப் பறவை. முட்டை நனைய நனைய எழுந்திருக்காமல் உட்கார்ந்தே இருந்தது. அன்றைக்கு எஞ்சினைத் தணித்தவன் பிறகு கூட்டவே இல்லை. பின்னால் எழும் அலை கரையில் உடைகிறதென்றால் வேகம் அதிகம் என்று அர்த்தம், மகளிடம் சொல்லி அதைக் கவனிக்க வையுங்கள். அன்னம் கூட்டில் இருந்தால் ஆண் அன்னம் சிறகை உயர்த்திக்கொண்டு வரும். அருகே படகைக் கட்டாதீர்கள், சத்தமில்லாமல் கடந்து போய்விடுங்கள்.

குளிர்? பகலில் வெயில் இருந்தால் 15 டிகிரி வரை போகும். இரவில் 5 டிகிரிக்குக் கீழே இறங்கலாம். உள்ளே ஹீட்டர் உண்டு. பல படகுகளில் கரி அடுப்பும் இருக்கும், அதுவே போதும். டில்லர் பிடிப்பவருக்குத்தான் மழையும் காற்றும். அவருக்கு நல்ல மழைக்கோட்டும் கையுறையும் வேண்டும்.

சமையலறையில் கேஸ் அடுப்பு, ஃபிரிட்ஜ், பாத்திரம் எல்லாம் இருக்கும். அரிசி, பருப்பு, சாம்பார்ப் பொடி, புளி, சின்னக் குக்கர் கொண்டுவந்துவிடுங்கள். வழியில் உள்ள ஊர்கள் எல்லாம் சின்ன ஊர்கள், கடையை நம்ப முடியாது. தண்ணீர்த் தொட்டியை இரண்டு நாளைக்கு ஒரு முறை நிரப்புங்கள், ஐந்து பேர் குளித்தால் சீக்கிரம் தீரும். டாய்லெட் விஷயத்தை முன்பதிவின்போது கேளுங்கள். தொட்டி வகை என்றால் நாலு நாளைக்குக் கவலையில்லை. கேசட் வகை என்றால் நீங்களே கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். இரவு தங்க டோபாத் பக்கம், தடைப் பலகை இல்லாத எந்த இடத்திலும் கட்டலாம், காசு கிடையாது. டோபாத் என்பது அந்தக் காலத்தில் குதிரை நடந்து படகை இழுத்த பாதை.

ஆய்னோவுக்கு மேலே போகச் சொல்லாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அங்கிருந்து பான்பரி வரை எம்40 நெடுஞ்சாலையின் இரைச்சல் அடிக்கடி கூடவே வரும். கிங்ஸ் சட்டன் தேவாலயக் கோபுரம் வயலுக்கு அப்பால் அழகாக நிற்கிறது, ஆனாலும் அந்த இரைச்சலில் எனக்கு மனம் ஒட்டுவதில்லை. பான்பரியைப் பார்க்க வேண்டும் என்றால் வெள்ளிக்கிழமை படகைக் கொடுத்துவிட்டு ஹேஃபோர்டில் ரயில் ஏறுங்கள். படகில் ஏழு மணி நேரம் பிடிக்கிற தூரம் இருபது நிமிடத்துக்குள் வந்துவிடும். அங்கே கடை வளாகத்தின் நடுவில் டூலிஸ் என்கிற பழைய படகுப் பட்டறை இன்னும் இருக்கிறது. 1939இல் டாம் ரோல்ட் என்ற பொறியாளர் அங்கேதான் 'கிரெஸ்ஸி' என்ற படகைச் செப்பனிட்டுக்கொண்டு, மனைவியோடு கிளம்பினார். ரயிலும் லாரியும் சரக்கைப் பிடுங்கிக்கொண்டதால் கால்வாய்கள் தூர்ந்துகொண்டிருந்த நேரம் அது. அந்தப் பயணத்தை அவர் எழுதியது 1944இல் வெளிவந்தது. அதைப் படித்த எழுத்தாளர் ராபர்ட் ஐக்மன் அவரைத் தேடிப் போய்ச் சந்தித்தார். 1946இல் கால்வாய்களைக் காப்பாற்ற இன்லாண்ட் வாட்டர்வேஸ் அசோசியேஷன் பிறந்தது. இந்தக் கால்வாயில் குதிரையையோ கோவேறு கழுதையையோ கட்டி இழுத்து, சொந்தப் படகில் குடும்பத்தோடு நிலக்கரி ஏற்றிய படகுக்காரர்களை 'நம்பர் ஒன்' என்பார்கள். ஜோ ஸ்கின்னர், ரோஸ் ஸ்கின்னர் தம்பதிதான் அவர்களில் கடைசி. டாலி என்ற கோவேறு கழுதை அவர்களுடைய படகை இழுத்தது. அந்த 'ஃபிரெண்ட்ஷிப்' படகு இப்போது எல்ஸ்மியர் போர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பின்னறை பத்தடிக்குள்தான். அதிலேயே அடுப்பு, கட்டில், குழந்தைகள் என்று படகுக் குடும்பங்கள் வாழ்ந்திருக்கின்றன. உங்கள் படகில் ஃபிரிட்ஜும் ஷவரும் இருக்கும் இடம் அவர்களுக்கு நிலக்கரி இருந்த இடம்.

ஹேஃபோர்டிலிருந்து நடக்கும் தூரத்தில் ரௌஷம் என்ற 18ஆம் நூற்றாண்டுத் தோட்டம் இருக்கிறது. எல்லாரும் உங்களுக்குச் சொல்வார்கள். 15 வயதுக்குக் கீழே அனுமதி கிடையாது, அதனால் ஒருவர் மகளோடு படகில் இருக்க வேண்டும். அப்பா அம்மா இருவரும் போய்வரட்டும். நீங்கள் அந்த நேரத்தில் மகளுக்கு டில்லரைக் கொடுத்து, பக்கத்தில் நின்று, அந்த வளைவுகளில் ஒரு மைல் ஓட்ட வையுங்கள்.